பட்டினியிலும் பெயர் சொன்ன கிளி

கண்ணில் படாத கண்ணனை விடாமல் அழைத்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள்

வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று நாளாக இறங்கவில்லை. தாய் சாமி படத்தின் முன் நின்று அழுகிறாள். விளக்கு எரிகிறது. படம் சிரிக்கிறது. பதில் இல்லை.

வயலில் பயிர் வாடுகிறது. உழவன் வானத்தைப் பார்க்கிறான். மேகம் வருகிறது; போகிறது. மழை இல்லை.

"கடவுளே! நீ இருக்கிறாயா? இருந்தால் ஏன் வாய் திறக்கவில்லை?"

இந்தக் கேள்வி எழாத வீடு அபூர்வம். கேட்டுவிட்டுப் பலர் பயப்படுகிறார்கள். "இப்படிக் கேட்டுவிட்டோமே, பாவம் அல்லவா?" என்று கன்னத்தில் போட்டுக் கொள்கிறார்கள்.

பயப்பட வேண்டாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் இதைக் கேட்டிருக்கிறாள். அழுது கேட்டாள். கோபித்துக் கேட்டாள். சண்டை போட்டும் கேட்டாள். அவளை யாரும் பாவி என்று தள்ளவில்லை. கோவில் கட்டிக் கும்பிடுகிறார்கள்!

அவள்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள்.

துளசித் தோட்டத்துக் குழந்தை

விருதுநகர் மாவட்டத்தில் மேற்கு மலைத் தொடருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர். ஊருக்குள் நுழையும் முன்பே 11 நிலைக் கோபுரம் தெரியும். தமிழ்நாடு அரசின் சின்னத்தில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊர் மக்கள் பெருமையுடன் சொல்வார்கள். இந்த ஊர்ப் பால்கோவாவை அறியாதவர் யார்? 2019-ம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்த ஊரில் வாழ்ந்தவர் விஷ்ணுசித்தர். பெரியாழ்வார் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவருடைய தொழில் பூந்தோட்டம் வைப்பது. பூப்பறித்து மாலை கட்டுவது. வடபத்ரசாயிப் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சாத்துவது.

ஒரு நாள் துளசிச் செடியின் அடியில் அவர் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தார். கோதை என்று பெயர் வைத்து வளர்த்தார். தாய் முகம் அறியாத அந்தக் குழந்தைக்குத் தகப்பனாரே தாயும் ஆனார். குழந்தை கேட்டு வளர்ந்தது எல்லாம் கண்ணன் கதை.

பெருமாளுக்கு என்று கட்டிய மாலையைக் கோதை தினமும் தன் தலையில் சூடிக் கொள்வாள். கிணற்று நீரில் அழகு பார்ப்பாள். பிறகு கழற்றி வைத்துவிடுவாள். ஒரு நாள் தகப்பனார் மாலையில் ஒரு தலைமுடியைக் கண்டார். பதறினார். வேறு மாலை கட்டினார். ஆனால் பெருமாள் கனவில் வந்து, கோதை சூடிய மாலையே தனக்கு வேண்டும் என்றாராம். அன்று முதல் அவள் 'சூடிக் கொடுத்த சுடர்க்கொடி' ஆனாள். அவள் அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு இன்றும் கோவிலில் இருக்கிறது.

தகப்பனார் கண்டார், மகள் காணவில்லை

பெரியாழ்வாருக்குப் பெருமாள் நேரில் காட்சி கொடுத்தார் என்பது வரலாறு. மதுரையில் பாண்டிய மன்னன் சபையில் பரம்பொருள் யார் என்ற வாதம் நடந்தது. பெரியாழ்வார் வென்றார். பொற்கிழி அவருக்குத் தானாகத் தாழ்ந்து வந்தது. மன்னன் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டான். அப்போது வானத்தில் கருடன்மேல் பெருமாள் தோன்றினார். கண்ணேறு பட்டுவிடுமே என்று பதறிய ஆழ்வார், பெருமாளுக்கே வாழ்த்துச் சொல்லி 12 பாட்டுப் பாடினார். அதுதான் திருப்பல்லாண்டு.

மகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததா? உடனே கிடைக்கவில்லை!

அங்கேதான் ஆண்டாளின் கதை ஆரம்பமாகிறது.

ஆண்டாள் பாடியவை இரண்டு நூல்கள். ஒன்று திருப்பாவை. 30 பாட்டு. மார்கழி விடியற்காலையில் தோழிகளை எழுப்பிக்கொண்டு கூட்டமாகப் போகும் பாட்டு. தமிழ்நாடு முழுவதும் அது ஒலிக்கிறது.

மற்றொன்று நாச்சியார் திருமொழி. 143 பாட்டு. இது கூட்டப் பாட்டு அல்ல, தனிமைப் பாட்டு. விழா முடிந்து, தோழிகள் வீட்டுக்குப் போன பிறகு, தூக்கம் வராத ஒரு பெண் தனியாகப் பேசும் பேச்சு. திருப்பாவையை அறிந்த பலர் இதை அறிவதில்லை. வருத்தத்தில் இருப்பவர்களுக்கு மருந்து இதில்தான் இருக்கிறது.

மணலில் ஒரு வட்டம்

கண்ணன் வருவானா, மாட்டானா? ஆண்டாள் மணலில் உட்காருகிறாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் வட்டம் போடுகிறாள். வட்டத்தின் இரண்டு முனையும் கூடினால் அவன் வருவான். கூடாவிட்டால் வரமாட்டான். இதற்குக் கூடல் இழைத்தல் என்று பெயர். அந்தக் காலப் பெண்கள் பார்த்த குறி.

பூப்போட்டுப் பார்ப்பதும், பல்லி சொல்லுக்குக் காத்திருப்பதும் இன்றும் உண்டு அல்லவா? தெய்வத்துக்கே பாட்டுக் கட்டிய ஆண்டாளும் சாதாரணப் பெண்ணைப் போல் குறி பார்த்தாள்.

குறியில் மனம் நிறையவில்லை. குயிலைக் கூப்பிட்டாள். அவன் வரும்படி நீ கூவு என்று கெஞ்சினாள். சும்மா அல்ல, கூலியும் பேசினாள்! பாலும் சோறும் ஊட்டித் தான் வளர்த்த அழகான கிளியை உனக்குத் தோழியாக்கி வைக்கிறேன் என்றாள்.

ஒரு நாள் கனவு வந்தது. ஊர் எல்லாம் தோரணம். யானைகள் சூழக் கண்ணன் வருகிறான். கை பிடிக்கிறான். கண் விழித்தால் யாரும் இல்லை. கனவில் வந்தவன் நனவில் வரவில்லை. அது இன்னும் பெரிய வேதனை.

பிறகு மேகங்களைக் கூப்பிட்டாள். வேங்கட மலையில் இருக்கும் பெருமாளிடம் தன் நிலைமையைச் சொல்லும்படி தூது விட்டாள். மேகங்கள் வந்திருக்கின்றன, அவன் உங்களோடு வந்தானா என்று கேட்டு ஏங்கினாள்.

மேகத்தைப் பார்த்து ஏங்குவது என்றால் என்ன என்று அந்தப் பக்கத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும்.

ராஜபாளையம் அறிந்த உண்மை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தென்காசி சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் போனால் ராஜபாளையம். நூல் ஆலைகள் நிறைந்த ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள்.

ஊருக்கு மேற்கே மலை. மலை அடிவாரத்தில் அய்யனார் கோவில், அருகில் அருவி. ஆனி, ஆடி மாதங்களில் மலை உச்சியில் கருமேகம் குவியும். கேரளப் பக்கத்தில் மழை கொட்டும். இந்தப் பக்கம் காற்றுதான் அடிக்கும். சமவெளிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதுவரை மேகத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

ஆறு வறண்டு மணலாகக் கிடக்கும். புதிதாக வந்தவர், "ஆற்றில் தண்ணீரே இல்லையே!" என்பார். தென் மாவட்டக் கிராமத்துப் பெண்கள் அப்படிச் சொல்வதில்லை. குடத்தோடு போய் மணலைத் தோண்டுவார்கள். ஊற்று சுரக்கும். தண்ணீர் மேலே ஓடவில்லை, கீழே இருக்கிறது. அவ்வளவுதான்!

இதே உவமையைப் பிள்ளை லோகாசாரியார் என்ற வைணவப் பெரியவர் சொல்லியிருக்கிறார். ஆண்டாளுக்குச் சில நூற்றாண்டுகள் பின்னால் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தவர் அவர். ஸ்ரீவசனபூஷணம் என்பது அவர் எழுதிய நூல். கடவுள் ஐந்து விதமாக இருக்கிறார் என்பது வைணவர் கொள்கை. அந்த ஐந்தையும் அவர் தண்ணீருக்கு ஒப்பிட்டார்.

வைகுண்டத்தில் இருக்கும் பெருமாள் உலகத்துக்கு அப்பால் உள்ள தண்ணீர் போன்றவர். எட்டாது. பாற்கடலில் பள்ளி கொண்டவர் அந்தக் கடலைப் போன்றவர். போய்ச் சேர முடியாது. ராமனாகவும் கண்ணனாகவும் வந்தது ஆற்று வெள்ளம் போல. அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது, ஓடிவிட்டது. கோவிலில் இருக்கும் திருவுருவம் அந்த ஆறு விட்டுப்போன மடு போல. எப்போது வேண்டுமானாலும் அள்ளிக் குடிக்கலாம்.

ஐந்தாவது? நம் ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் இருப்பவர். அவர் நிலத்தடி நீர் போன்றவர்! காலுக்குக் கீழேயே இருக்கிறார். கண்ணுக்குத் தெரியவில்லை. தோண்டினால்தான் கிடைப்பார்.

மறைந்திருப்பது வேறு, இல்லாமல் போவது வேறு. இதை அறிய பெரிய படிப்பு தேவையில்லை. கோடையில் ஊற்றுத் தோண்டிய அனுபவம் போதும்.

மாற்றான் நாட்டிலும் மணந்த மாலை

ராஜபாளையத்துக்கும் ஆண்டாளுக்கும் இன்னொரு பொருத்தமும் உண்டு. அங்கே வாழும் ராஜுக்களின் வீட்டு மொழி தெலுங்கு. ஆந்திரப் பகுதியிலிருந்து முன்னோர் வந்து குடியேறியவர்கள். அந்தத் தெலுங்கு மொழியின் பெரிய காவியங்களில் ஒன்று ஆண்டாளின் கதை!

அதைப் பாடியவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். 1509 முதல் 1529 வரை அரசாண்டவர். நூலின் பெயர் ஆமுக்தமால்யதா. சூடிக் களைந்த மாலையைக் கொடுத்தவள் என்பது பொருள். போர்க்களத்திலேயே காலம் கழித்த பேரரசன் ஒருவன், பூந்தோட்டத்துப் பெண்ணின் கண்ணீரைக் காவியமாக்கினான். ஏக்கம் அரசனுக்கும் ஒன்றுதான், ஆண்டிக்கும் ஒன்றுதான்.

நிறைவேறாத 100 அண்டா

இன்னும் ஒரு செய்தி. ஆண்டாள் மதுரைக்கு அருகில் உள்ள திருமாலிருஞ்சோலை அழகருக்கு ஒரு நேர்த்திக் கடன் பேசினாள். 100 பெரிய பாத்திரம் நிறைய வெண்ணெய். 100 பெரிய பாத்திரம் நிறைய அக்கார அடிசில். இவ்வளவையும் படைக்கிறேன், அவன் வந்து ஏற்றுக்கொள்வானா என்று கேட்டாள்.

பூக்கட்டிப் பிழைக்கும் வீட்டுப் பெண் 200 அண்டாவுக்கு எங்கே போவாள்? வாயால் சொன்ன கடன் வாயளவில் நின்றது.

காலம் உருண்டது. சில நூற்றாண்டு கழித்து ராமானுஜர் பிறந்தார். ஆண்டாளின் பாட்டில் உருகியவர் அவர். 'இந்தப் பெண் சொன்ன கடன் பாக்கி நிற்கிறதே' என்று நினைத்தார். திருமாலிருஞ்சோலைக்குப் போனார். 100 அண்டா வெண்ணெயும் 100 அண்டா அக்கார அடிசிலும் அழகருக்குப் படைத்தார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். கருவறையிலிருந்து ஆண்டாள் அவரை 'அண்ணா' என்று அழைத்தாள் என்பது வழிவழியாக வரும் செய்தி. தங்கை ஆசைப்பட்டதைச் செய்து கொடுப்பவன்தானே அண்ணன்!

ஆண்டாள் கண்ணீர் விட்ட அன்று இது அவளுக்குத் தெரியுமா? தெரியாது. தன் பாட்டைக் கேட்க ஒருவர் பிறக்கப் போகிறார், தன் கடனை அடைக்கப் போகிறார் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். விதை மண்ணுக்குள் கிடக்கும்போது மரம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

கிளி சொன்ன பாடம்

ஆண்டாளின் கையில் ஒரு கிளி இருக்கும். கோவிலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தக் கிளியின் கதை என்ன?

நாச்சியார் திருமொழியிலேயே அது வருகிறது. ஆண்டாள் கூண்டில் ஒரு கிளி வளர்த்தாள். கண்ணன் பெயர்களைக் கற்றுக் கொடுத்தாள். கண்ணன் வராத வேதனையில் இருக்கும்போது கிளி ஓயாமல் அவன் பெயரையே சொன்னது. புண்ணில் கோல் பட்டது போல் இருந்தது. கோபம் வந்தது. சோறு போடாமல் கிளியைத் தண்டித்தாள்.

கிளி வாயை மூடியதா? இல்லை. முன்பு கோவிந்தன் பெயரைச் சொன்னது. பட்டினி போட்ட பிறகு, உலகத்தை அளந்தவனின் பெயரை இன்னும் உரத்த குரலில் கூவியது!

அந்தக் கிளி வேறு யாரும் அல்ல. ஆண்டாளின் மனம்தான் என்று கொள்ளலாம். அவளுக்குத் தரிசனம் இல்லை. ஆறுதல் இல்லை. வயிறு காய்ந்த கிளி போல் மனம் காய்ந்தது. ஆனால் பெயரை விடவில்லை. காயக் காயக் குரல்தான் உயர்ந்தது.

நம்பிக்கை என்றால் சந்தேகமே வராமல் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்டாள் அப்படி இருக்கவில்லை. குறை சொன்னாள். ஏமாற்றுக்காரன் என்று ஏசினாள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டின் முன் நின்று யாராவது சண்டை போடுவார்களா? உள்ளே ஒருவர் இருக்கிறார், காது கேட்கிறது என்று தெரிந்தால்தானே கதவைத் தட்டிச் சண்டை போடுவார்கள்? அவளுடைய சண்டையே அவளுடைய நம்பிக்கை.

தகப்பனார் கை

தன் நம்பிக்கை முழுவதும் தளர்ந்துவிட்ட ஒரு நேரமும் அவளுக்கு வந்தது. அப்போது என்ன செய்தாள்? தகப்பனாரை நினைத்தாள். விஷ்ணுசித்தர் தம்முடைய பெருமாளைத் தமக்குத் தெரிந்த வழியில் வரவழைப்பார் என்றால், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பாடினாள்.

குடும்பம் எதற்கு இருக்கிறது? இதற்குத்தான். ஒருவர் விளக்கு அணைந்தால் பக்கத்தில் இருப்பவர் விளக்கில் ஏற்றிக் கொள்ளலாம். மகன் மனம் உடைந்தால் தாய் நம்புவாள். தாய் சோர்ந்தால் பாட்டி நம்புவாள்.

தகப்பனாருக்கும் சோதனை வந்தது. ஆண்டாள் ஸ்ரீரங்கத்துக்குப் பல்லக்கில் சென்றாள். அரங்கனோடு கலந்தாள் என்பது வரலாறு. பெரியாழ்வார் தனியாகத் திரும்பினார். ஒரே மகளைத் திருமகள் போல் வளர்த்தேன், அவளைப் பெருமாள் கொண்டுபோய்விட்டாரே என்று ஒரு தாய் புலம்புவதாக அவர் பாடிய பாட்டு உண்டு. பெருமாளை நேரில் கண்டவருக்கும் கண்ணீர் மிச்சம் இருந்தது! அவர் வேண்டிக்கொண்டபடி பெருமாள் மாப்பிள்ளைக் கோலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்துவிட்டாராம். கருவறையில் இன்றும் ஆண்டாள், ரெங்கமன்னார், கருடன் மூவரும் சேர்ந்து நிற்கிறார்கள்.

எங்கே கண்டார்கள்?

நாச்சியார் திருமொழியின் கடைசிப் பத்துப் பாட்டும் கேள்வியும் பதிலுமாக இருக்கின்றன. அவனைக் கண்டீர்களா என்று ஒரு குரல் கேட்கிறது. பிருந்தாவனத்தில் கண்டோம் என்று இன்னொரு குரல் சொல்கிறது.

பிருந்தாவனத்தில் அவன் என்ன செய்துகொண்டு இருந்தான்? சிம்மாசனத்தில் இருக்கவில்லை. மாடு மேய்த்துக்கொண்டு இருந்தான்! பசுக்களை மெல்லத் திருப்பித் தண்ணீர் காட்டிக்கொண்டு இருந்தான். வெயில் படாமல் கருடன் சிறகு விரித்துக் குடை பிடித்தான்.

வானத்தில் தேடியவன் மேய்ச்சல் காட்டில் கிடைத்தான். தினசரி வேலை நடக்கும் இடத்தில் கிடைத்தான்.

கல்கத்தாவில் ஓர் அன்னை

இந்த வேதனை ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தம் அல்ல. கல்கத்தாவில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தொண்டு செய்த அன்னை தெரசாவை உலகம் அறியும். 1979-ல் நோபல் பரிசு பெற்றவர். 1997-ல் மறைந்தார். 10 ஆண்டு கழித்து, 2007-ல் அவருடைய கடிதங்கள் நூலாக வெளிவந்தன. படித்தவர்கள் திடுக்கிட்டார்கள்.

ஏறத்தாழ 50 ஆண்டு காலம் அவர் மனத்துக்குள் இருட்டு! கடவுள் அருகில் இருப்பதாக உணர முடியவில்லை என்று தம் குருமார்களுக்கு எழுதியிருந்தார். வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு நாளாவது நோயாளிக்குக் கஞ்சி ஊட்டாமல் இருந்தாரா? புண்ணைக் கழுவாமல் இருந்தாரா? உணர்ச்சி வற்றியது. வேலை வற்றவில்லை. 2016-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

ஆண்டாள் பாட்டை விடவில்லை. அன்னை தொண்டை விடவில்லை. இருவரும் தோண்டியது ஒரே ஊற்று.

தினமும் ஒரு கிளி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் இருக்கும் கிளி பொன்னால் செய்தது அல்ல. இலையாலும் பூவாலும் செய்தது. உடலுக்கு மரவள்ளி இலை. மூக்குக்கு மாதுளம் பூ. சிறகுக்கு நந்தியாவட்டை இலை. கண்ணுக்குக் காக்காப்பொன். கட்டுவதற்கு வாழை நார். ஒரு கிளி செய்யப் பல மணி நேரம் ஆகும். மறுநாள் அது வாடிவிடும். பக்தர் ஒருவருக்குப் பிரசாதமாகப் போய்விடும்.

மறுநாள் மீண்டும் புதுக் கிளி! மழை பெய்தாலும் செய்கிறார்கள். வெயில் அடித்தாலும் செய்கிறார்கள். மனம் நன்றாக இருக்கும் நாள், இல்லாத நாள் என்ற கணக்கு இல்லை.

நம்பிக்கையும் அப்படித்தான். ஒரு முறை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் நகை அல்ல. நேற்றைய நம்பிக்கை நேற்றோடு வாடிவிடும். இன்று இன்றைய இலையால் புதிதாகக் கட்ட வேண்டும்.

கேட்டது எல்லாம் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கும்பிட்டும் கிடைக்காமல் போன வீடுகள் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மருந்தும் கொடுக்க வேண்டும். உழவன் மேகத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. வரப்பையும் கட்டி வைக்க வேண்டும். அதோடு மாலையில் ஒரு விளக்கு. ஒரு பெயர். அழுகை வந்தால் அழலாம். கோபம் வந்தால் கோபிக்கலாம். பேசாமல் மட்டும் இருந்துவிடக் கூடாது.

மணலுக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது. தோண்டுகிற கை ஓயாமல் இருந்தால் போதும்!